இசைத்தட்டு உறை வடிவமைப்பு: எழுச்சியும் சரிவும்

இசைத்தட்டு உறை என்பது ஒலிப்பதிவு செய்யப்பட்ட தட்டைத் தூசு, கீறல் முதலியவற்றிலிருந்து காக்க உருவான தாள் அல்லது அட்டைக் கூடு ஆகும். 1930களின் இறுதி வரை இது வெறும் பொதிதாளாகவே இருந்தது. அதன் பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓவியம், ஒளிப்படம், எழுத்துரு, அச்சு ஆகிய கலைகள் ஒன்றுகூடும் இடமாக விளங்கியது. கேசட்டும் குறுந்தகடும் வந்தபோது அதன் பரப்பு சுருங்கியது. இசை கணினிக் கோப்பாக மாறியபோது உறைக்கான தேவையே மறைந்தது. உறையின் முகப்புப் படம் இன்று கைப்பேசித் திரையில் சிறு சதுரமாகத் தொடர்கிறது. உறையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்த செய்திகளோ பெருமளவு காணாமற்போயின.

தொடக்கக் காலம்

எமில் பெர்லினர் 1887-ல் தட்டை வடிவ இசைத்தட்டுக்கான காப்புரிமையைப் பெற விண்ணப்பித்தார். அவருடைய கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் செய்யப்பட்டவை. கீழே விழுந்தால் உடைந்துவிடும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவிலான இசையே அடங்கும். இத்தட்டுகள் பழுப்புநிறத் தாள் உறைகளில் விற்கப்பட்டன. உறையின் நடுவில் வட்டமாக ஒரு துளை இருக்கும். தட்டின் மையத்தில் ஒட்டியுள்ள சீட்டில் பாடல், பாடியவர், நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களை அத்துளை வழியாகப் படித்துக்கொள்ளலாம். உறையில் நிறுவனத்தின் விளம்பரமோ விற்பனைக் கடையின் பெயரோ அச்சாகியிருக்கும். உள்ளே இருக்கும் இசைக்கும் அதற்கும் தொடர்பிருக்காது.

நீண்ட சிம்பனி ஒன்றைப் பதிவு செய்யப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை ஒளிப்பட ஆல்பம் போலக் கட்டமைத்த தடித்த புத்தகத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி விற்றனர். பாடல் தொகுப்புக்கு ‘ஆல்பம்’ என்ற பெயர் இவ்வாறு வந்தது. ஒரே தட்டில் முழுத் தொகுப்பும் அடங்கிய பிறகும், தட்டே இல்லாமற்போன பிறகும் அப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்

இந்தப் புத்தகக் கட்டுகளின் மேலட்டை சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். தண்டில் தலைப்பு மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் இவற்றைக் கல்லறைக் கற்கள் என்று கேலியாகக் குறிப்பிட்டனர். கொலம்பியா நிறுவனத்தில் 1939 அளவில் கலை இயக்குநராகச் சேர்ந்த இளைஞர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் (1917–2011), ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி ஓவிய முகப்பு வேண்டும் என்று வாதிட்டார். அச்சுச் செலவு கூடும் என்ற தயக்கத்துக்கிடையே நிறுவனம் அவருக்குச் சில முயற்சிகளுக்கு மட்டும் இசைவு தந்தது.

ரோட்ஜர்ஸ்–ஹார்ட் இணையரின் பாடல் தொகுப்புக்காக அவர் செய்த முகப்பு, தனித்த வடிவமைப்பைக் கொண்ட முதல் உறையாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் முகப்பு விளக்குப் பலகையில் தொகுப்பின் பெயரை இடம்பெறச் செய்து அதை ஒளிப்படம் எடுத்தார். புதிய முகப்புடன் வெளியான பீத்தோவனின் ‘எராய்க்கா’ சிம்பனிப் பதிவின் விற்பனை பல மடங்கு உயர்ந்ததாக அக்கால இதழ் எழுதியது. பிற நிறுவனங்களும் ஓவியர்களை அமர்த்தத் தொடங்கின.

1948 ஜூன் மாதத்தில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் ஓடும் பன்னிரண்டு அங்குல வினைல் தட்டை அறிமுகப்படுத்தியது. எல்.பி. எனப்படும் இந்நெடுந்தட்டின் நுண்ணிய வரித்தடங்களைப் பழைய தாள் உறை சேதப்படுத்தியது. அதற்காக மெல்லிய அட்டையை மடித்து, அச்சிட்ட தாளை அதன்மேல் ஒட்டிய உறையையும் ஸ்டைன்வைஸே உருவாக்கினார். பின்வந்த பல பத்தாண்டுகள் உலகமெங்கும் வெளியான எல்.பி. உறைகள் இந்த அமைப்பையே பின்பற்றின.

பொற்காலம்

எல்.பி. உறை ஏறத்தாழ 31 செ.மீ. நீள அகலம் கொண்ட சதுரம். கடை அடுக்கில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். வீட்டில் தட்டு ஓடும் இருபது நிமிடமும் கையில் வைத்துப் பார்க்கவும் படிக்கவும் ஏற்றது. இந்த அளவும் கால அவகாசமும் சேர்ந்தே இக்கலையை வளர்த்தன.

ஜாஸ் இசை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ரீட் மைல்ஸ் 1950களின் நடுவிலிருந்து 1967 வரை நூற்றுக்கணக்கான உறைகளை வடிவமைத்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் துணிந்து வெட்டி, ஒற்றை வண்ணம் பூசி, பெரிய எழுத்துகளோடு சேர்த்தார். உறையைப் பார்த்தவுடனே நிறுவனத்தை அடையாளம் காணும் நிலை உருவானது. அமெரிக்காவின் கிராமி விருதுகள் 1959-ல் முதன்முறை வழங்கப்பட்டபோதே சிறந்த உறைக்கும் ஒரு விருது இருந்தது.

1967-ல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பின் உறையைப் பீட்டர் பிளேக், ஜான் ஹாவொர்த் ஆகிய ஓவியர்கள் உருவாக்கினர். புகழ்பெற்ற மனிதர்களின் ஆளுயர அட்டைப் படங்களுக்கு நடுவே குழுவினர் நிற்கும் காட்சி அது. பாடல் வரிகள் முழுமையாகப் பின்னட்டையில் அச்சிடப்பட்டன. வெட்டி எடுத்து விளையாடும் படத்தாள் ஒன்றும் உள்ளே இருந்தது. கேட்பவர் உறையை ஒரு நூலைப் போலப் படிப்பார் என்ற எண்ணம் இதன் பிறகு பரவலாயிற்று.

உறையைத் தொட்டு இயக்கும் பொருளாக மாற்றிய முயற்சிகளும் நடந்தன. அதே 1967-ல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் தொகுப்புக்கு ஆண்டி வார்ஹால் வரைந்த வாழைப்பழத்தின் தோலை உரிக்க முடியும். 1971-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ உறையில் உண்மையான ஜிப் பொருத்தப்பட்டது. அடுக்கி அனுப்பும்போது ஜிப்பின் பிடி அடுத்த தட்டை அழுத்திப் பழுதாக்கியது. பிடியைப் பாதி வழி இறக்கிவைத்து, அது தட்டின் மையச் சீட்டின்மேல் படும்படி செய்த பிறகே சிக்கல் தீர்ந்தது.

பிரிட்டனில் ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் 1968-ல் தொடங்கிய ஹிப்னாசிஸ் நிறுவனம், 1973-ல் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ தொகுப்புக்கு முப்பட்டகம் வழியே ஒளி பிரியும் படத்தை அமைத்தது. முன்னட்டையில் குழுவின் பெயரோ தலைப்போ கிடையாது. ஒளிக்கற்றை பின்னட்டையிலும் தொடர்வதால் கடைக்காரர் உறைகளை வரிசையாக வைத்தால் முடிவில்லாத ஒரே படமாகத் தெரியும். 1979-ல் பீட்டர் சாவில், ஜாய் டிவிஷன் குழுவுக்காக ஒரு துடிவிண்மீனின் வானொலி அலைகளை வெள்ளைக் கோடுகளாகக் கறுப்புப் பின்னணியில் பதித்தார். அப்படம் இன்று இசையை ஒருமுறையும் கேளாதவர்களின் சட்டைகளிலும் காணப்படுகிறது.

1983-ல் நியூ ஆர்டர் குழுவின் ‘ப்ளூ மண்டே’ தட்டுக்குச் சாவில் கணினியின் நெகிழ்வட்டைப் போலவே துளைகள் வெட்டிய உறையை அமைத்தார். இசையைக் கோப்பாக மாற்றி உறையை ஒழிக்கப்போகும் தொழில்நுட்பம், அக்கலையின் உச்சத்திலேயே அதன் முகப்பில் இடம்பெற்றது.

உறையின் பின்பக்கம்

உறை ஓர் ஆவணமாகவும் இருந்தது. பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், வாத்தியக்காரர், ஒலிப்பதிவாளர், பதிவு நடந்த இடம், நாள் ஆகியவை பின்னட்டையிலோ உள்தாளிலோ அச்சாயின. ஜாஸ், செவ்வியல் இசைத் தட்டுகளில் விமர்சகர்கள் எழுதிய நீண்ட குறிப்புகள் இருந்தன. பல இசை ஆய்வாளர்களுக்கு இவையே முதன்மைச் சான்றுகள்.

பெயர் அச்சாவது எளிதில் கிடைத்த உரிமையும் அன்று. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ‘ஃபங்க் பிரதர்ஸ்’ கலைஞர்களின் பெயர்கள் நெடுங்காலம் எந்த உறையிலும் இடம்பெறவில்லை. 1971-ல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பே அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட முதல் மோடவுன் தொகுப்பு. உறை இல்லாமற்போவதன் இழப்பை மதிப்பிட இந்நிகழ்வு உதவும்.

பரப்புச் சுருங்குதல்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டை வெளியிட்டது. 1979-ல் வந்த சோனி வாக்மன் கருவி கேசட்டை நடமாடும் இசையாக்கியது. கேசட் பெட்டியின் முகப்புத் தாள் ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும் 6.5 செ.மீ. அகலமும் கொண்டது, எல்.பி. உறைப் பரப்பில் பதினைந்தில் ஒரு பங்கு. சதுரமான ஓவியத்தை நீள்சதுரத்துக்குள் அடக்க நிறுவனங்கள் அதைக் குறுக்கி, மேலும் கீழும் வண்ணப் பட்டை இட்டன.

1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதன் முகப்புத் தாள் 12 செ.மீ. சதுரம், எல்.பி. உறையில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் பல பக்கக் கையேட்டுக்கு இடமிருந்ததால் எழுத்துச் செய்திகள் காப்பாற்றப்பட்டன. அமெரிக்கக் கடைகளில் எல்.பி. அடுக்குகளிலேயே குறுந்தகட்டை வைப்பதற்காக ஓரடி நீள அட்டைப் பெட்டியில் அதை அடைத்து விற்றனர். வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போகும் அட்டை என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் சில இசைக்கலைஞர்களும் எதிர்த்ததால் 1993-ல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

அளவு குறைந்தபோது வடிவமைப்பும் மாறியது. கூட்டமான காட்சிகளும் நுண்ணிய எழுத்துகளும் குறைந்து, ஒரே உருவம் நடுவில் நிற்கும் முகப்புகள் பெருகின. 1991-ல் வந்த நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ உறையில் நீருக்கடியில் நீந்தும் குழந்தை இதற்கு எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 78 சுழற்சித் தட்டுகளும் நிறுவன முத்திரை பதித்த தாள் உறைகளிலேயே விற்கப்பட்டன. பின்னர் வந்த ஏழு அங்குல, பன்னிரண்டு அங்குலத் திரைப்பாடல் தட்டுகளின் முன்னட்டையில் திரைப்படத்தின் காட்சியோ விளம்பர ஓவியமோ இடம்பெற்றது. பின்னட்டையில் பாடலின் முதல் வரி, பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் விவரம் அச்சானது. இன்று ஒரு பழைய பாடலை எழுதியவர் யார் என்ற ஐயம் எழும்போது, தட்டின் உறையும் திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகமுமே நம்பத்தக்க சான்றுகளாக உள்ளன.

இங்கு உறையின் சரிவு கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. எல்.பி. தட்டும் அதை இயக்கும் கருவியும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. 1980களில் சிற்றூர்களிலும் ரெக்கார்டிங் சென்டர் எனப்பட்ட பாடல் பதிவுக் கடைகள் பெருகின. வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த பாடல்களைத் தாளில் பட்டியலிட்டு, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்து வாங்கிக்கொள்வார். கடைக்காரர் தம்மிடமிருந்த எல்.பி. தட்டுகளிலிருந்து பாடல்களைப் பதிந்து தருவார். வண்ண உறைகள் கடைச் சுவரில் காட்சிக்கு இருக்கும். வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சென்றது பேனாவால் எழுதிய பட்டியல் மட்டுமே. படம் இல்லாமலேயே ஒரு தலைமுறை தன் இசைச் சேகரிப்பை உருவாக்கிக்கொண்டது.

2000களில் எம்.பி.3 குறுந்தகடுகள் பரவின. ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கின. பத்துப் பதினைந்து திரைப்படங்களின் சிறு படங்களை நெருக்கி ஒட்டிய முகப்பில் பாடலாசிரியர் பெயருக்கு இடமே இருக்கவில்லை.

கோப்பாக மாறிய இசை

1995-ல் ‘எம்.பி.3’ என்ற கோப்பு நீட்சிப் பெயர் முடிவானது. ஒரு பாடல் சில மெகாபைட் அளவுக்குச் சுருங்கியதால் இணையம் வழியே அனுப்ப முடிந்தது. 1999-ல் தொடங்கிய நாப்ஸ்டர் சேவை வழியாகக் கோடிக்கணக்கான கோப்புகள் கைமாறின. அவற்றில் பலவற்றுக்குக் கோப்புப் பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அப்பெயரும் பல நேரங்களில் தவறாக இருந்தது. கோப்புக்குள் படத்தைப் பதிக்கும் வசதி 1998 முதலே இருந்தும் பரவலாகப் பயன்படவில்லை.

2001-ல் வந்த முதல் ஐபாட் கருவி ஆயிரம் பாடல்களைச் சுமந்தது. அதன் சிறிய ஒருநிறத் திரை உறைப் படத்தைக் காட்டவில்லை. 2003-ல் ஐடியூன்ஸ் கடை ஒரு பாடலை 99 சென்ட் விலைக்குத் தனியாக விற்றது. பாடலைத் தொகுப்பிலிருந்து பிரித்து வாங்க முடிந்தபோது, தொகுப்பு முழுவதற்குமான முகம் என்ற உறையின் அடிப்படை வேலை தளர்ந்தது. 2008-ல் ஸ்பாட்டிஃபை சேவை தொடங்கிய பின் வாங்குதல் குறைந்து, ஓடையிசை பெருகியது. கேட்பவர் தொகுப்பை விட்டு மனநிலைக்கேற்ற பட்டியல்களுக்கு நகர்ந்தார்.

பொருளாதாரமும் இதில் பங்கு வகித்தது. அமெரிக்காவில் 1999-ல் 1,460 கோடி டாலராக இருந்த ஒலிப்பதிவு இசை வருவாய், 2014 அளவில் அதில் பாதிக்கும் கீழே போனது. விற்பனை குறைந்த நிறுவனங்களில் ஒளிப்படம், ஓவியம், அச்சு ஆகியவற்றுக்கான செலவும் சுருங்கியது.

மீட்பு முயற்சிகள்

உறையைத் திரைக்குள் மீட்கும் முயற்சிகள் நடந்தன. முகப்புகளைத் தட்டுக்கடை அடுக்கில் புரட்டுவது போலக் காட்டும் ‘கவர் ஃப்ளோ’ என்ற வசதியை ஆப்பிள் நிறுவனம் 2006-ல் ஐடியூன்ஸ் மென்பொருளில் சேர்த்து, 2012-ல் நீக்கியது. பாடல் வரி, படங்கள், குறிப்புகள் கொண்ட ‘ஐடியூன்ஸ் எல்.பி.’ 2009-ல் அறிமுகமானது. 2018-ல் புதிய வரவுகள் நிறுத்தப்பட்டன. பாடலைத் தட்டிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைப்பவர் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

இன்றைய சேவைகளுக்கு வடிவமைப்பாளர் பெரிய அளவுப் படத்தையே அளிக்கிறார். கேட்பவர் அதை விரல்நக அளவில் பார்க்கிறார். அந்த அளவில் தெளிவாகத் தெரிய வேண்டுமென்பதால் நெருக்கமான முகம், அடர்நிறம், தடித்த எழுத்து ஆகியவை விதியாகிவிட்டன. தமிழ்த் திரைப்பாடல்களுக்குப் பெரும்பாலும் படத்தின் விளம்பரச் சுவரொட்டியே முகப்பாகிறது. சில நொடிகள் ஓடும் அசையும் படங்களும் வந்துள்ளன. இக்கலை முற்றிலும் அழியவில்லை என்பதற்கு இவை சான்று; வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் இடமும் நேரமும் மட்டும் குறைந்துள்ளன.

வினைல் மீள்வரவு

2008 ஏப்ரலில் அமெரிக்கத் தனியார் தட்டுக்கடைகள் முதன்முறையாக ‘இசைத்தட்டுக் கடை நாள்’ கொண்டாடின. அதன் பின் வினைல் விற்பனை ஆண்டுதோறும் வளர்ந்தது. 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகளும் 3.3 கோடி குறுந்தகடுகளும் விற்றன. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அப்போதுதான். வினைல் வாங்கும் அமெரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அதை இயக்கும் கருவி இல்லை என்று லுமினேட் நிறுவனத்தின் ஆய்வு கூறியது. இசையைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, உறைக்காகவும் உடைமை உணர்வுக்காகவும் தட்டை வாங்குகின்றனர். தட்டைக் காக்கப் பிறந்த உறையை வாங்க, இன்று தட்டு ஒரு காரணமாகிறது. இருப்பினும் விலை கூடிய வினைல், இசை கேட்போரில் சிறுபான்மையினருக்கே உரியது.

விளைவுகள்

உறையின் முன்பக்கத்துக்கு இரங்கியவர்கள் பலர். பிரிட்டிஷ் அஞ்சல் துறை 2010-ல் புகழ்பெற்ற பத்து உறைகளை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அருங்காட்சியகங்களும் அவற்றைச் சேகரிக்கின்றன. பின்பக்கத்தின் இழப்பு இதைவிட மெதுவாகவே கவனம் பெற்றது. ஸ்பாட்டிஃபை சேவையில் பாடலாசிரியர், தயாரிப்பாளர் பெயர்களைப் பார்க்கும் வசதி 2018-ல்தான் வந்தது. 2020-ல் வருண் குரோவர், சுவானந்த் கிர்கிரே உள்ளிட்ட இந்திப் பாடலாசிரியர்கள், சேவைகளில் தங்கள் பெயர் விடுபடுவதைக் கண்டித்து ஒரு பாடலையே வெளியிட்டனர்.

அச்சில் ஒருமுறை வந்த பெயரை யாரும் திருத்த முடியாது. தவறாயிருந்தாலும் சான்றாக நிற்கும். தரவுத்தளத்தில் உள்ள பெயர் பதிவிடுபவரின் கவனத்தைச் சார்ந்தது. உரிமை கைமாறும்போது மாறவோ மறையவோ கூடும். பழைய தட்டு உறைகளை ஒளிவருடி எடுத்துப் பொதுவில் வைக்கும் சேகரிப்பாளர்களின் பணி இதனாலேயே மதிப்புப் பெறுகிறது. பாடகர் பெயர் எப்படியும் நினைவில் நிற்கும். வயலின் வாசித்தவர், தபேலா வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், வரிகளை எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் பல பாடல்களுக்கு அந்த அட்டையில் மட்டுமே உள்ளன.